மார்கழிக் காலுக்கு ஒரு ஜோடி



மார்கழி பிறந்தால் நமக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். ஏரி நிரம்பியதா, மதகு ஒழுகுகிறதா, பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் என்றைக்கு என்று ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், இப்போது சளி, இருமல், மூட்டுவலி என்று எழுத ஆரம்பிப்பார்கள். இந்த முறை வந்தவற்றில் இரண்டு கடிதங்கள் காலைப் பற்றியவை.

ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. மகள் டொரன்டோவில் இருக்கிறாள். பிரசவத்துக்கு உதவியாக ஜனவரியில் போகிறார். "இங்கேயே மார்கழி ராத்திரியில் போர்வைக்குள் என் கால் மட்டும் ஐஸாக இருக்கும். கதகதப்பான ரப்பர் பூட்ஸ் என்று சொல்கிறார்களே, அதை எப்படிப் பார்த்து வாங்குவது? சென்னையிலேயே வாங்கிக்கொண்டு போய்விடலாமா?" என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர் உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்துப் பால்காரம்மா. கறவை மாடு வைத்திருக்கிறார். விடிவதற்குள் கறந்து சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு, அப்படியே வரப்பில் புல் அறுக்கப் போகிறவர். பனி ஈரத்தில் கால் விறைத்துப்போகிறது, விரல் இடுக்கில் சேற்றுப்புண் ஆறுவதே இல்லை, கம்பூட் போட்டால் தேவலையா என்பது அவர் கேள்வி. "கடையில கேட்டா ஆம்பள சைஸுதான் இருக்குதுங்கறாங்க" என்று கடைசியில் ஒரு வரி.

ஒருவர் மைனஸ் 20 டிகிரிக்குப் போகிறார். மற்றவர் நிற்பது 20 டிகிரியில். இரண்டு பேருக்கும் ஒரே பக்கத்தில் பதில் எழுதலாம் என்று தோன்றியதற்குக் காரணம், இரண்டு கால்களும் சில்லிடும் விதம் ஒன்றுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பூட்ஸும் சூடு தராது. உடம்பு அனுப்பும் ரத்தத்தின் சூட்டை வெளியே போகாமல் பிடித்துவைப்பது மட்டும்தான் அதன் வேலை. ரப்பருக்கு அதிலும் பாதி வேலைதான் தெரியும்: வெளி ஈரத்தை உள்ளே விடாது. சூட்டைப் பிடித்துவைப்பது ரப்பருக்குள் அடைபட்டு நிற்கும் காற்று. கம்பளியின் இழைகளுக்கிடையே, நுரை ரப்பரின் கண்களுக்குள்ளே, விரல்களைச் சுற்றி விட்ட இடத்தில் இருக்கும் காற்று. அந்தக் காற்று இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் எல்லாம் போச்சு. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்திவிடும். நம் ஊர் 20 டிகிரியில் பனி நனைந்த புல்லில் அரை மணி நேரம் நின்றவருக்குக் கால் விறைப்பது அதனால்தான். இதே ரகசியம் தெரியாத கனடாக்காரர், பருத்தி சாக்ஸ் வியர்வையில் ஊறிப்போய், விலையுயர்ந்த பூட்ஸுக்குள்ளேயே குளிரில் நடுங்குவதும் அதனால்தான்.

ரப்பர் பூட்ஸ் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது நம் மாவட்டத்துப் பஸ்கள். 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபின், சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் கம்பெனி பஸ் வந்து நின்றதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிளஸ் டூ முடித்த பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு இருட்டில் ஏறிப் போவார்கள். 2014 நவம்பர் 1ஆம் தேதி அந்த ஆலை நின்றது. அந்தப் பெயர் நமக்குப் போன். ஃபின்லாந்தில் ஒரு காலத்தில் அது பூட்ஸ். 1898ல் அங்கே தொடங்கப்பட்ட ஒரு ரப்பர் கம்பெனி, 1904 வாக்கில் நோக்கியா என்ற ஊருக்குத் தன் ஆலையைக் கொண்டுபோனது. ஆற்று மின்சாரம் கிடைத்ததால் அந்த இடம். அதே ஊரின் பெயரில் ஏற்கெனவே ஒரு காகித ஆலை இருந்தது. அந்தக் காகித ஆலையும் ரப்பர் ஆலையும் ஒரு கேபிள் ஆலையும் 1967ல் ஒன்றாக இணைந்தன. உலகம் அந்தப் பெயரைப் போனில் பார்ப்பதற்கு வெகுநாள் முன்பே ஃபின்லாந்துக் குழந்தைகள் அதே பெயருள்ள பூட்ஸ் போட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். 1990ல் காலணிப் பிரிவு தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. இன்றும் பூட்ஸ் விற்கிறது. அந்த நாட்டில் ரப்பர் பூட்ஸைத் தூக்கி எறிவதை ஒரு விளையாட்டுப் போட்டியாகவே நடத்துகிறார்கள். நமக்கு உறியடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் போன் பூட்டிய நம் பெண்கள் யாருக்காவது இந்தக் கதையை அங்கே யாரும் சொன்னார்களா தெரியவில்லை.

அந்தக் குளிர்நாட்டுக்காரர்கள் பூட்ஸ் வாங்கும் முறையைத்தான் தலைமையாசிரியை அம்மாவுக்குச் சொல்லப் போகிறேன். அவர்கள் பூட்ஸைத் தனியாக வாங்குவதில்லை. சாக்ஸ், உள்ளங்கால் அட்டை, பூட்ஸ் மூன்றும் அவர்களுக்கு ஒரே சாமான்.

அம்மா, சென்னையில் வாங்கவேண்டாம். நீங்கள் போகும் ஊரில்தான் இந்தச் சரக்கு வகைவகையாகக் கிடைக்கும், மாற்றிக்கொள்ளவும் முடியும். இறங்குகிற அன்று விமான நிலையத்திலிருந்து காருக்குப் போகிற தூரத்துக்கு மூடிய ஷூவும் நல்ல கம்பளி சாக்ஸும் போதும். சாக்ஸ் மட்டும் இங்கிருந்தே எடுத்துப்போங்கள். குளிர்காலத்தில் நம் ஊர்களில் கடை போடும் திபெத்தியர்களிடம் கிடைக்கும். கம்பளி கலந்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள். கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் சூட்டைவிடாது. பருத்தி நம் வெயிலுக்கு ராஜா, பனிக்கு ஆகாது.

கடைக்குச் சாயங்காலமாகப் போங்கள். நாள் முழுக்க நடந்தபின் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். அந்த அளவுதான் உண்மையான அளவு. வீட்டிலிருந்தே அந்தக் கனத்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு போய், அதோடு பூட்ஸைப் போட்டுப் பாருங்கள். வழக்கமான அளவைவிட ஒரு நம்பர் கூடத்தான் வரும், வரட்டும். உள்ளே பத்து விரலையும் மடக்கி நீட்ட முடியவேண்டும். பூட்ஸுக்குள் மூன்று சாக்ஸைத் திணித்துக்கொண்டு இறுக்கமாக நடக்கிறவர்களுக்குத்தான் கால் முதலில் சில்லிடும். இறுக்கினால் ரத்தம் விரல் நுனிவரை போகாது, காற்றுக்கும் இடமில்லை. பிறகு கையை உள்ளே விட்டு அடி அட்டையை இழுத்துப் பாருங்கள். தனியாக வெளியே வருகிறதா? வரவேண்டும். குளிர் பெரும்பாலும் கீழே தரையிலிருந்துதான் ஏறுகிறது. கம்பளி நாரை அழுத்திச் செய்த கனத்த அட்டை இருந்தால் நல்லது. இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒன்றைக் காயப்போட்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். கனடாவிலேயே ஒன்டாரியோ மாநிலத்தின் கிச்சனர் ஊரில் ஒரு ரப்பர் கம்பெனி 1962ல் கொண்டுவந்த சோரல் பூட்ஸ் இந்த யோசனையில் பேர் வாங்கியது: அடிப்பாகம் ரப்பர், மேல்பாகம் தோல், உள்ளே முழு காலுக்கும் கழற்றி மாட்டும்படி ஒரு கம்பளி உறை. இரவில் உறையை உருவி ஹீட்டருக்குச் சற்றுத் தள்ளி வைத்தால் காலையில் காய்ந்திருக்கும். முழுக்க ரப்பரான உயரமான பூட்ஸில் வியர்வை வெளியே போக வழியே கிடையாது என்பதால், பனியில் அன்றாடம் நடக்கிறவர்களுக்கு நான் இந்த வகையைத்தான் சொல்வேன். முழு ரப்பர், பனி உருகிச் சொதசொதவென்று கிடக்கிற மார்ச், ஏப்ரலுக்கு.

பிளாஸ்டிக் கலந்த பி.வி.சி. பூட்ஸ் மலிவு. ஆனால் கடுங்குளிரில் விறைத்துப்போய், மடங்குகிற இடத்தில் வெடிக்கும். லேபிளில் மைனஸ் 30, மைனஸ் 40 என்று போட்டிருப்பதை அப்படியே நம்பவேண்டியதில்லை. விறுவிறுவென்று நடக்கிறவர் காலும், பேரக்குழந்தையை வண்டியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவர் காலும் ஒன்றாகாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் வழுக்காமல் இருப்பது. அறுபது தாண்டியவருக்குக் குளிரைவிட இடுப்பெலும்பு முறிவுதான் பெரிய கேடு. டொரன்டோவிலேயே ஒரு மறுவாழ்வு மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தரை முழுக்கப் பனிக்கட்டியாக இருக்கும் ஓர் அறையைச் சரிவாகச் சாய்த்து, ஆட்களைக் கயிற்றில் பாதுகாப்பாகக் கட்டி நடக்கவிட்டு, கடையில் விற்கும் பூட்ஸ்களைச் சோதிக்கிறார்கள். குறைந்தது 7 டிகிரி சரிவில் வழுக்காமல் நின்றால்தான் ஒரு பனிப்பூ முத்திரை, அதிகபட்சம் மூன்று. 2016ல் முதன்முதலாக முடிவுகளை வெளியிட்டபோது பெரும்பாலான பூட்ஸ் ஒரு பூவுக்குக்கூடத் தேறவில்லை. மகளிடம் அந்தப் பட்டியலை இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அழகான பூட்ஸ் கடையில் நிறைய இருக்கும். உங்களுக்கு வேண்டியது பூ வாங்கின பூட்ஸ்.

இனி நம் வரப்புக்கு வருவோம்.

பால்காரம்மாவுக்கு மேலே சொன்ன கம்பளி, உறை எதுவும் வேண்டாம். எட்டு மணிக்கெல்லாம் நம் ஊரில் வெயில் ஏறிவிடும். உள்ளே கம்பளி வைத்த பூட்ஸ் போட்டால் கால் வெந்துபோகும். உங்களுக்கு வேண்டியது உள்ளே எதுவும் தைக்காத சாதாரண கம்பூட். விவசாய மருந்துக் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் தொங்கும், பெரும்பாலும் பி.வி.சி. தான், 500 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது, நம் குளிருக்கு அது வெடிக்காது. முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்தது கட்டட வேலைக்கு. அதை வாங்கினால் வீண் பாரம். மாட்டுக் கொட்டகை, புல் அறுப்பு, விடிகாலையில் மடை திருப்புவது, இருட்டில் வரப்பில் நடப்பது, இதற்கெல்லாம் கம்பூட் நல்ல துணை. ஆனால் நடவுக்கும் களையெடுப்புக்கும் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். சேறு பூட்ஸைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் விடும். அதில் விழுந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சேற்றுப்புண் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்கவேண்டும். நனைந்த காலோடு கம்பூட்டைப் போட்டால் புண் இரண்டு மடங்காகும். காலைத் துடைத்து, விரல் இடுக்கையும் துணியால் ஒற்றி, காய்ந்த சாக்ஸ் போட்டு, அப்புறம் பூட்ஸ். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், காலுக்குக் காற்றுப்படட்டும். பூட்ஸைக் கவிழ்த்துவைத்து நிழலில் காயவையுங்கள். வெயிலிலும் அடுப்படியிலும் வைத்தால் சீக்கிரம் வெடித்துவிடும். உள்ளே ஈரம் போகப் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணிக்கலாம். நம் இதழின் பழைய பிரதியைத் திணித்தாலும் கோபித்துக்கொள்ளமாட்டேன், இந்தப் பக்கத்தைப் படித்து முடித்திருந்தால் சரி. காலையில் மறுபடி போடும்முன் கட்டாயம் தலைகீழாகத் தட்டுங்கள். திண்ணையில் நின்ற கம்பூட்டுக்குள் தேள் குடியிருப்பது நம் பக்கத்தில் அதிசயமில்லை.

கம்பூட்டால் இன்னொரு நன்மையும் உண்டு, குளிரைவிடப் பெரியது. நெல் வயலில் கண்ணாடி விரியன் இருக்கும். எலி இருக்கிற இடத்துக்கு அது வரும். வயலில் கடி படுவது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான். முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை ஏறும் கனத்த பூட்ஸ் அந்த இடத்தைத்தான் மூடுகிறது. மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில், 1978ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துக் கொடுக்கிறது. பெரும்பாலும் அந்த விஷத்திலிருந்துதான் நம் மருத்துவமனைகளில் போடும் முறிமருந்து தயாராகிறது. மருந்து இருக்கிறது என்பதற்காகக் காலை நீட்டவேண்டுமா என்ன? பூட்ஸும் டார்ச் விளக்கும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இவ்வளவும் பூட்ஸைப் பற்றி. காலைப் பற்றி இன்னும் கேட்கவில்லை. தலைமையாசிரியை அம்மா எழுதியதில் என்னைக் கொஞ்சம் உறுத்தியது அந்தப் 'போர்வைக்குள் ஐஸ்'தான். கம்பளிப் போர்வைக்குள், நம் மாவட்டத்தில், கால் மட்டும் ஏன் ஐஸாகவேண்டும்? வேடந்தாங்கல் ஏரியில் விடிய விடியத் தண்ணீரில் நிற்கிற நாரைகளுக்கு அப்படி ஆவதில்லை. அவற்றின் காலுக்குள் கீழே இறங்கும் சூடான ரத்தக் குழாயும் மேலே ஏறும் குளிர்ந்த ரத்தக் குழாயும் ஒட்டி ஒட்டிப் போகின்றன. சூடு வழியிலேயே கைமாறி உடம்புக்குத் திரும்பிவிடுகிறது. மனுஷனுக்கு அந்த வசதி குறைவு. ரத்தம் நன்றாக ஓடினால்தான் நமக்குக் கால் சூடாக இருக்கும். நரம்பு சரியாக இருந்தால்தான் அது சூடாக இருக்கிறது என்று தெரியவும் தெரியும்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கால் ஐஸாக இருக்கிறது என்று நீங்கள் நினைக்கும் நேரத்தில், வீட்டில் வேறொருவரைப் புறங்கையால் உங்கள் பாதத்தைத் தொட்டுப்பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கும் சில்லென்று இருந்தால், நிறம் வெளிறியோ நீலம் பாரித்தோ இருந்தால், கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுத்தால், ரத்த ஓட்டத்தைப் பார்க்கவேண்டும். பீடி, சிகரெட் பழக்கமுள்ள ஆண்களுக்கு இது விளையாட்டில்லை. விரலையே எடுக்கும்படி ஆகிவிடும். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் காலைச் சில்லிடச் செய்யும். பெண்களில் நிறையப் பேர் இதைக் கவனிப்பதேயில்லை. தொட்டவர் "சூடாத்தானே இருக்குது" என்று சொன்னால், சந்தேகம் நரம்பின் பக்கம், அதாவது முதலில் சர்க்கரையின் பக்கம். 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை இருப்பதாகக் கணக்கிட்டது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிறவர்களிடமோ, அரசு மருத்துவமனையிலோ காலைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அது வளையும்வரை அழுத்துவார்கள். 10 கிராம் அழுத்தம்தான். கண்ணை மூடிக்கொண்டு அது தெரிகிறதா என்று சொல்லவேண்டும். வலிக்காது, ஊசி இல்லை.

உணர்ச்சி குறைந்த காலுக்கு என்ன செருப்பு என்ற கேள்விக்கு உலகத்துக்கே வழி காட்டியவர்கள் நம் பக்கத்தில்தான் இருந்தார்கள். கொல்லிமலையில் 1914ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் காலில் புண் வருவது சதை தானாக அழுகுவதால் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள். வலி தெரியாததால் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி அழுத்தம் விழுந்து, புண் மேலேயே நடந்து, அதனால்தான் கால் கெடுகிறது என்று அவர் காட்டினார். அந்த அழுத்தத்தைப் பரப்பிவிட, நுண்ணிய காற்றுக் கண்கள் நிறைந்த மென்மையான ரப்பரில் செருப்பு செய்தார்கள். குதிகால் வலிக்கு இன்று நாம் மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிறோமே எம்.சி.ஆர். செருப்பு, அது இந்த வழியில் வந்ததுதான். வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியிலும், நமக்கு இன்னும் பக்கத்தில் செங்கல்பட்டு திருமணியிலும் இருக்கும் தொழுநோய் மருத்துவமனைகளில் தலைமுறை தலைமுறையாக இந்தக் கால்களைப் பார்த்திருக்கிறார்கள். பூட்ஸில் குளிரை நிறுத்துகிற அதே அடைபட்ட காற்றுதான் இங்கே பாரத்தையும் வாங்கிக்கொள்கிறது.

இதனால் உங்களுக்கு நான் சொல்லவேண்டியவை சில. சர்க்கரை உள்ளவர்கள் காலைச் சூடாக்க வெந்நீர்ப் பையும் வெந்நீர் வாளியும் வேண்டவே வேண்டாம். கொப்பளம் வந்தபின்தான் சூடு அதிகம் என்று தெரியும். சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். பூட்ஸ் போடும்முன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், ஒரு சின்னக் கல்லும் ஆணி முனையும் காலுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். இன்னொன்று சொன்னால் சிலர் வருத்தப்படலாம். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களும், மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டுகிறவர்களும் வெறுங்காலோடு நடக்கும் மாதங்கள் இவை. காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னபின்னும் வெறுங்காலில் நடக்கவேண்டாம். உங்கள் குருசாமியிடம் காலைக் காட்டிக் கேளுங்கள். நான் அறிந்த குருசாமிகள் யாரும் இதற்கு மறுப்பு சொன்னதில்லை.

பால்காரம்மாவின் கடைசி வரிக்கு மட்டும் என்னிடம் சரியான பதில் இல்லை. நம் கடைத்தெருவில் நானும் கேட்டுப் பார்த்தேன். கம்பூட் ஆறாம் நம்பரில்தான் ஆரம்பிக்கிறது. "பொம்பளைங்க யாரும் கேக்கறதில்ல சார்" என்றார் கடைக்காரர். மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளுவதும், புல் அறுப்பதும், விடிவதற்குள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வயலுக்கு ஓடுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். செய்யாறு சிப்காட்டில் உலகத்துக்கெல்லாம் ஷூ தைக்கப் போகிறவர்களும் இதே ஊர்ப் பெண்கள்தான். இவர்கள் காலுக்கு நாலாம் நம்பரில் ஒரு கம்பூட் கிடைக்கவில்லை என்றால், கேட்பவர்கள் இல்லாததால் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பெரிய அளவை வாங்கிச் சமாளித்தால் வரப்பில் தடுக்கிவிடும். அதையும் நான் சொல்லமாட்டேன். மழைக்காலத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் பூட்ஸ் சிலருக்குப் பொருந்துகிறது, ஆனால் கணுக்காலுக்குமேல் அதிகம் ஏறுவதில்லை.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வந்தவாசிப் பக்கம் நாலு, ஐந்து நம்பரில் உயரமான கம்பூட் எங்கே கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள், ஊரையும் விலையையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் வரவழைத்துத் தருவதாக நம் கடைக்காரரும் சொல்லியிருக்கிறார். வேண்டுமென்பவர்கள் கால் அளவோடு பெயர் கொடுத்தால் நானே பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தை இதழ் அச்சுக்குப் போவதற்குள் வந்துசேரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்